நடந்து போனவரை வண்டி இடித்தால்: நஷ்டஈட்டு வழக்குக்கு வேண்டியவை

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களை ஒட்டியே போகிறது. விடியுமுன் மீன்கூடையோடு ரோட்டைக் கடக்கிறவரை வண்டி இடித்துவிட்டால், நஷ்டஈட்டு வழக்கின் பாதி ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவாகிவிடும்.

காரணம் ஏஆர் காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். போலீஸ் தொந்தரவு எதற்கு என்று கூட வந்தவர் "கீழே விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிடுவார். டூட்டி டாக்டர் அதை அப்படியே எழுதுவார். பிறகு எஃப்ஐஆரில் கார் மோதியதாக வந்தாலும், இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். என்ன வண்டி, எந்த இடம், எத்தனை மணி, நம்பர் தெரிந்தால் நம்பர்: இவற்றை முதல் டாக்டரிடமே சொல்லி எழுத வைக்க வேண்டும். வண்டி தப்பிப் போனதென்றால் "அடையாளம் தெரியாத வாகனம்" என்றே இருக்கட்டும். இன்சூரன்ஸ் உள்ள வேறொரு வண்டியைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று யோசனை சொல்கிற ஆட்கள் உண்டு. அது மோசடி வழக்காகத் திரும்பும்.

அடுத்து எஃப்ஐஆர், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் போலீஸ் பார்த்து எழுதுவது), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), எம்.வி.ஐ. ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துத் தருவது), குற்றப்பத்திரிகை. ஸ்கெட்சை வாங்கியதும் பாருங்கள். ஆள் ரோட்டின் நடுவில் கிடந்ததாக வரைந்திருந்தால், அவர் கவனமில்லாமல் கடந்தார் என்று சொல்லித் தொகையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள்.

மனுவை மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில், விபத்து நஷ்டஈட்டு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் போட வேண்டும். ராமேஸ்வரம் வந்த வெளிமாநில வேன் இடித்திருந்தாலும் அந்த மாநிலத்துக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயமும் ஏற்கும், நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயமும் ஏற்கும். கெடு ஆறு மாதம். கெடு தாண்டியதற்காக மனுவைத் தள்ளக்கூடாதென்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தொகையில் பெரிய சண்டை வருமானத்தைப் பற்றியது. மீன் விற்பவருக்கும் பாசி எடுப்பவருக்கும் சம்பளச் சீட்டு ஏது? மீனவர் நலவாரிய அட்டை, சங்க உறுப்பினர் புத்தகம், வங்கிப் பாஸ்புக், சரக்கு கொடுக்கும் வியாபாரியின் சாட்சியம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு மீனும் கருவாடும் அப்போதும் விலை போவதைச் சாட்சியத்தில் கொண்டுவர வேண்டும்.

கணக்கு இப்படி வரும். வயது 38, மாத வருமானம் 12,000 ரூபாய், தொழில் செய்யும் திறனில் இழப்பு 30 சதவீதம் என்று வையுங்கள். சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 16,800. அதை 12-ஆலும், வயதுக்கேற்ப மாறும் பெருக்கியாலும், அதாவது 36 முதல் 40 வயதுக்கு 15-ஆலும், பெருக்கி, 30 சதவீதம் எடுத்தால் 9,07,200 ரூபாய். சிகிச்சைச் செலவு, வலி வேதனை, உடனிருந்தவர் செலவு ஆகியவை தனி.

மருத்துவக் குழு தரும் ஊன சதவீதம் வேறு, தொழில் திறன் இழப்பு வேறு. கால் எலும்பு கோணலாகக் கூடியதற்குக் குழு 20 சதவீதம் தரலாம். தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றவருக்கு அந்தக் கால் தொழிலையே நிறுத்திவிடும். 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தது. அதைச் சாட்சியத்தோடு நிறுவாமல் சான்றிதழை மட்டும் நீட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

டிரைவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பாலிசி நடப்பில் இருந்தால், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பாலிசியே இல்லையென்றால் உரிமையாளரின் சொத்தைத் துரத்த வேண்டும், அது நீண்ட வேலை. தப்பிப்போன வண்டி கடைசிவரை கிடைக்காவிட்டால் தாசில்தார் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் தனி மனு. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்பது நிலையான தொகை.