தோமாவுக்கு நியாயம் செய்யுங்கள்

உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் வந்தாலே பிரசங்கத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைக் கண்டு தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்ற சீஷர் தோமா குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்" என்று யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தில் துணிந்து சொன்னவர் அவர்தானே! மற்றச் சீஷர்களுக்கு ஆண்டவர் ஏற்கெனவே காயங்களைக் காட்டியிருந்தார். அவர்கள் கண்டதைத்தான் தோமாவும் கேட்டார். இத்தனைக்கும் எட்டு நாள் கழித்தும், கண்டவர்கள் இருந்த அந்த வீட்டின் கதவு பூட்டித்தான் இருந்தது. இயேசு உள்ளே வந்து முதலில் சமாதானம் சொன்னார். பிறகு தோமாவிடம் கையை நீட்டச் சொன்னார். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை அந்தச் சந்தேகக்காரரின் வாயிலிருந்தே பிறந்தது.

ஈஸ்டருக்குப் பின்வரும் வாரங்களில், எம்மாவு ஊருக்குப் போன இரு சீஷரோடு உயிர்த்த ஆண்டவர் வழிநடந்ததையும், "நானே நல்ல மேய்ப்பன்" என்று அவர் சொன்னதையும் பெரும்பாலான சபைகளில் கேட்டுவிடுகிறோம். யோவான் 21 மட்டும் ஏனோ விடுபட்டுப்போகிறது. இயேசு பிடிபட்ட இரவில், அவரைத் தெரியாது என்று சீஷர் பேதுரு மூன்று முறை மறுதலித்தது கரிநெருப்பருகே. உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் ஆண்டவர் அவருக்காக மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்பே. முதலில் சாப்பாடு, அதன் பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி, அதுவும் மூன்று முறை.

போதகர்களே, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாளுக்குள் ஒரு ஞாயிறையாவது இந்த அதிகாரத்துக்கு ஒதுக்குங்கள். தவறி விழுந்து, திரும்பி வரத் தயங்கும் எத்தனையோ பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.