பொட்டாசியம் 6.8, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு யாரும் மெசேஜ் போடாதீர்கள், சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு அங்கே நடந்த சிகிச்சை பற்றிய புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அது முடியும்வரை பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது என்று வக்கீல் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு 71 வயது. நான்கு நாள் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் எழுந்து நடந்தால் கால் துவண்டது. பெரம்பூரிலிருந்து அந்த நேரத்தில் ஆட்டோ கிடைத்ததே பெரிய விஷயம், கிடைத்த ஆட்டோ போகிற தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் காட்டினோம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஓடி வந்து, "பொட்டாசியம் 6.8 இருக்கு சார், அஞ்சுக்கு மேலயே போகக்கூடாது, எப்ப வேணா ஹார்ட் நின்னுடலாம், உடனே ஐ.சி.யூ." என்றார். அப்படிச் சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்? நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றினார்கள். விடிகாலை மூன்று மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டு உள்ளே போனால், அப்பா சட்டை நனைய வேர்த்துப் போய், என்னை அவருடைய செத்துப்போன தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சர்க்கரை 42-க்கு இறங்கிக் கிடந்தது. மறுபடி குளுக்கோஸ் ஏற்றி, அரை மணி நேரத்தில் தெளிந்தார். காலையில் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 4.3. "மருந்து நல்லா கேட்டிருக்கு" என்றார் பெரிய டாக்டர். இரண்டு ராத்திரி ஐ.சி.யூ., பில் 71,400 ரூபாய். கும்பிட்டுவிட்டுத்தான் வந்தோம், பொய் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து தங்கச்சியின் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள், லேப் டெக்னீஷியன். அந்த முதல் ரிப்போர்ட்டைச் சும்மா கையில் எடுத்துப் பார்த்தவள், "அண்ணா, இதை யாராவது கடைசி வரி வரைக்கும் படிச்சாங்களா?" என்று கேட்டாள். அடியில், கையெழுத்துக்கு மேலே, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி: ரத்த மாதிரி ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது (அதாவது சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன), புதிய மாதிரி அனுப்பவும்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ரத்தச் சிவப்பணுவுக்குள்ளே பொட்டாசியம் ஏகப்பட்டது இருக்கும், வெளியே இருக்கும் நீரில் கொஞ்சம்தான். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் அழுத்திப் பீய்ச்சினாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ அந்த அணுக்கள் உடையும். உள்ளே இருப்பது எல்லாம் வெளியே கொட்டும். மெஷின் பாவம், குழாயில் இருப்பதைத்தான் அளக்கும். ஆக 6.8 என்பது குழாயின் பொட்டாசியம், அப்பாவின் பொட்டாசியம் எவ்வளவு என்று அந்த ராத்திரி யாருக்கும் தெரியாது. லேப் அதைச் சொல்லியும் இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்த வேகத்துக்கு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிருப்பேன். வக்கீல் அக்காதான் உட்கார வைத்தார். (தூரத்துச் சொந்தம், ஹைகோர்ட்டில் பதினைந்து வருஷம்.) டாக்டர் மேல் கிரிமினல் கேஸ் என்றால் படுமோசமான அலட்சியத்தைக் காட்ட வேண்டும், 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது என்றார். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, நம்மில் பலருக்குப் பிடிக்காதது: கணிப்பு தப்பிப் போனால் மட்டும் அது அலட்சியம் ஆகிவிடாது. அதே இடத்தில் சுமாரான திறமையுள்ள இன்னொரு டாக்டர் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். ரிப்போர்ட்டைத் தப்பாகப் படித்தார் என்று நிரூபித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம், கவனமாக இருக்கும் யாரும் அப்படிப் படித்திருக்க மாட்டார்கள் என்பது மீதிப் பாதி.

"முதல்ல கேஸ் ஷீட்டை வாங்கு, அப்புறம் கோபப்படு" என்றார். இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, கேஸ் ஷீட் வேறு. சம்மரி அவர்கள் நமக்குச் சொல்ல விரும்பும் கதை. கேஸ் ஷீட்டில்தான் எத்தனை மணிக்கு என்ன ஊசி, யார் எழுதிய குறிப்பு, நர்சிங் சார்ட், மருந்து சார்ட் எல்லாம் இருக்கும். ரெக்கார்டு செக்‌ஷனில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் கோர்ட் ஆர்டர் இருந்தாத்தான் சார்" என்றார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் கொண்டுவந்த தொழில் ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மறுத்தால் அதுவே டாக்டரின் நடத்தைக் குறைபாடு. அப்பா கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி, விதியைக் குறிப்பிட்டு, நேரில் ஒன்று கொடுத்துச் சீல் வாங்கிக்கொண்டு, ஸ்பீடு போஸ்டிலும் ஒன்று அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. ஜெராக்ஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு 46 பக்கம் கொடுத்தார்கள். வாயால் கேட்டால் கிடைக்காது, எழுதிக் கேட்டால் கிடைக்கும். என்ன ஊரோ.

அந்த 46 பக்கத்தை எங்களுக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற பொது மருத்துவரிடம் கொண்டுபோனோம். மனிதர் நியாயமாகத்தான் பேசினார். நிஜமாகவே 6.8 இருந்தால் காத்திருக்க முடியாது, அந்த வயதில் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது, அதனால் பையன் பயந்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. பிறகு நர்சிங் சார்ட்டில் விரலை வைத்து, "இங்க பாருங்க" என்றார். இன்சுலின் ஏற ஆரம்பித்தது 11.20. அடுத்த சர்க்கரை அளவு 3.05. நடுவில் ஒன்றுமே இல்லை. இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை இறங்கும், மணிக்கு ஒரு தடவையாவது பார்த்தே ஆக வேண்டும், இது எந்த டாக்டருக்கும் தெரிந்த பாலபாடம் என்றார். கூடவே, கிட்னி ரிசல்ட் நார்மல், ஈ.சி.ஜி. நார்மல், லேபே புது மாதிரி கேட்கிறது, மருந்தை ஆரம்பித்த கையோடு இன்னொரு குழாய் ரத்தம் அனுப்பக் கூடவா முடியவில்லை, காலை வரை ஏன் விட்டார்கள் என்றும் கேட்டார்.

நாங்கள் ரிப்போர்ட்டைத் தப்பாகப் படித்ததைத்தான் கேஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கேஸ் அந்த வெறும் நாலு மணி நேரக் கட்டங்களில் இருந்தது. கேஸ் ஷீட் வாங்காமல் வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தால், "உயிரைக் காப்பாற்றத்தான் செய்தோம்" என்று ஒரே வரியில் மூடியிருப்பார்கள். உண்மையில் பிறகு எங்கள் நோட்டீஸுக்கு அவர்கள் அனுப்பிய பதிலில் முதல் பத்தி அதுதான். சார்ட்டைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை.

நுகர்வோர் ஆணையத்தைப் பற்றி நான் பயந்த அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது, இன்சூரன்ஸ் கட்டியிருந்தாலும் அப்படித்தான். எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கதவு கிடையாது, சிவில் கோர்ட், ஹைகோர்ட் என்று வேறு வழி போக வேண்டும். 2019 சட்டத்தில் எனக்குப் பிடித்தது, நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பது நாம் கட்டிய பில்லை வைத்து, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், இதில்தான் நிறையப் பேர் "பார்க்கலாம் பார்க்கலாம்" என்று கோட்டை விடுகிறார்கள். நிபுணர் சாட்சி ஒவ்வொரு கேஸுக்கும் கட்டாயம் இல்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹைதராபாத் விஷயம் அது, மலேரியாவுக்குப் பதில் டைபாய்டுக்கு வைத்தியம் பார்த்து ஒரு பெண் இறந்துபோனார். இருந்தாலும் நாங்கள் அந்த ஓய்வுபெற்ற டாக்டரிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்கிச் சேர்த்திருக்கிறோம். இருப்பது நல்லது.

நடுவில் ஆஸ்பத்திரி மேனேஜர் வீட்டுக்கே வந்தார், ஆப்பிள் பையோடு. பில்லில் 30,000 திருப்பித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து என்று ஒரு தாளை நீட்டினார். படித்தால், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, யாரிடமும் பேச மாட்டோம் என்று இருந்தது. அப்பா ஆப்பிளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் டியூட்டி டாக்டர் மேல் தனியாகப் புகார் எழுதி வைத்திருந்தேன். இதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. "அந்தப் புள்ளை ஒரே ஆளா அன்னிக்கு ராத்திரி மூணு வார்டு பாத்துச்சு, எனக்குத் தெளிஞ்சப்ப என் கையைப் புடிச்சிட்டு நின்னுச்சு, அது மேல எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். கவனிக்க ஆளில்லாமல் ஐ.சி.யூ. நடத்தியது நிர்வாகம், அவர்களைக் கேளு என்கிறார். எனக்கு இன்னமும் முழுச் சம்மதம் இல்லை, அந்தக் கடைசி வரியைப் படிக்க எத்தனை ஆள் வேண்டும்? ஆனால் உடம்பு அவருடையது, கையெழுத்தும் அவருடையது. கவுன்சில் கடிதம் என் லேப்டாப்பிலேயே கிடக்கிறது. ஆணையத்தில் ஆஸ்பத்திரி மேல் மட்டும் சேவைக் குறைபாடு என்று போட்டிருக்கிறோம், அடுத்த வாய்தா வரும் மாதம்.

போன வாரம் வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த தம்பி ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, "அய்யா, கையை நல்லா மூடி மூடித் திறங்க" என்றான். "மாட்டேன், பொட்டாசியம் ஏறிடும்" என்றார் அப்பா. அந்தத் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன்.