டக்ஸிக் காசுக்கு ஒரு விளக்கம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இளைஞர்களுக்கான ஒரு சின்ன அமைப்புக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை, இரவில் இது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பாடசாலை ஜிம்மைத் திறந்து கூடைப்பந்து விளையாட விடுவது, சாப்பாடு கொடுப்பது, வீட்டுப்பாடத்துக்குக் கொஞ்சம் உதவுவது. வெளியில் தெரிகிற வேலை இவ்வளவுதான். பெடியள் கத்தியிலும் துப்பாக்கியிலும் போய் மாட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. அதற்குக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பு இல்லை.

அண்மையில் நாங்கள் அனுப்பிய மானிய அறிக்கை ஒன்று கேள்வியோடு திரும்பி வந்தது. போக்குவரத்துச் செலவில் டக்ஸிப் பற்றுச்சீட்டுகள் அடுக்காக இருந்தன. பஸ் ஓடுகிற ஊரில் டக்ஸி ஏன் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஜிம்முக்கு வருகிற ஒரு பெடியனுக்காக எடுத்த டக்ஸி. நானும் அதையே எங்கள் இளைஞர் பணியாளரிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் கதைப்பாள், எழுத வராது.

"அங்கிள், அவன் அந்த பஸ்ஸில வர ஏலாது."

"ஏன் பிள்ளை?"

"பஸ் மாறுற இடத்தில மற்றப் பக்கத்துப் பெடியள் நிப்பாங்கள். முந்தி ஒருக்கா இவனைக் கலைச்சவங்கள்."

எந்தப் பிளாசாவுக்குள் போகலாம், எந்தச் சந்தியில் இறங்கக்கூடாது, எந்த மோலில் யாரோடு நிற்கக்கூடாது என்றெல்லாம் பதினாறு வயதுப் பெடியனுக்குத் தெரிந்திருக்கிறது. அதே தெருக்களில்தான் நான் இத்தனை வருடமாகக் கார் ஓட்டுகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தடவை டக்ஸிக்கு 18 டொலர். அதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தால் அவன் பெயரைப் போட முடியாது, சந்தியின் பெயரையும் போட முடியாது. அறிக்கை எத்தனை பேர் கைக்குப் போகுமோ யாருக்குத் தெரியும். "பாதுகாப்புக் காரணம்" என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினோம். அந்தச் செலவை அவர்கள் ஏற்கவில்லை. சரி, கைக்காசில் போட்டோம்.

எங்கள் ஆட்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே இருந்தவர்களுக்கு ஏகே கண்ணன், வீவீரி என்ற இரண்டு தமிழ்க் கும்பல்களின் பெயர்களும் நினைவிருக்கும். டோனட் கடை வாசலில் நான்கு தமிழ்ப் பெடியள் நின்றால் அம்மாமார் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போன காலம். 1997 டிசம்பரில் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவன் ஒருவன் ஸ்காபரோவில் சுடப்பட்டு இறந்தான். எந்தக் குழுவோடும் சம்பந்தமில்லாத பிள்ளை. அதுவரை "எங்கட பிள்ளை அப்பிடியில்லை" என்று இருந்த வீடுகளுக்கும் அன்றுதான் பயம் வந்தது. அடுத்த வருடம் இளைஞர்களே சேர்ந்து கனேடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கினார்கள். கான்டிட் என்றால் எல்லோருக்கும் தெரியும். 2001 ஒக்டோபரில் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளும் சேர்ந்து பெரிய சுற்றிவளைப்பு நடத்தினார்கள். அதோடுதான் எல்லாம் அடங்கியது என்று கோயில் வாசலில் இன்றைக்கும் அடித்துச் சொல்கிற அண்ணைமார் உண்டு. பாதி சரி. பிடிபட்டவர்களின் தம்பிமாரோடு யார் உட்கார்ந்து கதைத்தது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

இந்த வேலைக்குக் காசு வந்த வருடங்களைக் கொஞ்சம் பாருங்கள். 2005இல் ரொறன்ரோவில் 52 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் யங் வீதியில் சாமான் வாங்கப் போன 15 வயதுப் பெண்பிள்ளையும் அதில் ஒருத்தி. 2006இல் ஒன்ராறியோ அரசு இளைஞர்களுக்கென்று 15 மில்லியன் டொலர் நிதியொன்றை அறிவித்து, தனியாரும் அதே அளவு போட வேண்டும் என்று சவால் விட்டது. ரொறன்ரோவின் ஆர்கோனோட்ஸ் விளையாட்டு அணியின் பின்போல் கிளெமன்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். ஸ்காபரோவின் மல்வேர்ன் உட்பட ரொறன்ரோவின் 13 பகுதிகளுக்குப் போன காசு அது. பிறகு 2012 ஜூலையில் ஸ்காபரோவின் டான்சிக் வீதியில், ஒரு தெரு விருந்துக்கு நடுவே சூடு நடந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அடுத்த வருடம் ட்ரில்லியம் அறக்கட்டளை வழியாக மாகாணம் இன்னொரு இளைஞர் நிதியைத் தொடங்கியது. 2022இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் 250 மில்லியன் ஒதுக்கியது. செத்தவீடு முடிந்த பிறகுதான் காசு வருகிறது. ஒன்றும் நடக்காத வருடங்களில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எவரும் கேட்பதில்லை. ஒன்றும் நடக்காமல் போனதே அந்த வேலையால்தான் என்று நிரூபிக்கவும் வழியில்லை. ரொறன்ரோ பொலிஸின் வருடாந்தச் செலவு ஒரு பில்லியனைத் தாண்டி எத்தனையோ வருடமாகிறது. அவர்களிடம் யாரும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை "அடுத்த வருடம் எப்படித் தாக்குப்பிடிப்பீர்கள்?" என்று படிவம் நிரப்பச் சொல்வதில்லை.

எங்களைப் போன்ற பதிவில்லாத சின்னக் குழுக்களின் கையில் காசு நேரே வராது. பெரிய அமைப்பு ஒன்று பொறுப்பேற்று வாங்கி, தன் நிர்வாகச் செலவைக் கழித்துக்கொண்டு தரும். அந்த முறையில் எனக்குக் குறை இல்லை. கணக்கு ஒழுங்காக இருக்கத்தான் வேண்டும். எரிச்சல் வருவது சம்பளத்தில்தான். மானியம் ஒரு வருடத்துக்கு. முதல் இரண்டு மாதம் ஆள் எடுக்கவும் பொலிஸ் சான்றிதழ் வரவும் போய்விடும். பத்தாம் மாதம் அந்தப் பிள்ளை வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவாள். தேடாமல் என்ன செய்வாள், வாடகை கட்ட வேண்டாமா? இடையில் மிஞ்சுகிற ஏழெட்டு மாதத்தில் ஒரு பெடியன் அவளை நம்பி, இரவு பதினொரு மணிக்கு "அக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில பிரச்சினை வரும்போல இருக்கு" என்று மெசேஜ் போடுகிற அளவுக்கு வரவேண்டும். அந்த மெசேஜ்தான் எங்கள் முழு வேலையும். அது வந்தால் மறுநாள் காலை அவள் போய் இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கதைப்பாள், தேவையென்றால் ஒருவனை இரண்டு நாளைக்கு மாமா வீட்டில் நிற்கச் சொல்வாள். அவள் போய்விட்டால் புதிதாக வருபவருக்கு அவன் எதையும் சொல்லமாட்டான்.

இளைஞர் வன்முறையின் வேர்களை ஆராய்ந்து ஒன்ராறியோவின் முன்னாள் தலைமை நீதிபதி ரோய் மக்மர்ட்ரியும், ஸ்காபரோவை நீண்டகாலம் சட்டசபையில் பிரதிநிதித்துவப்படுத்திய ஆல்வின் கர்லிங்கும் 2008இல் மாகாண அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். சமூக அமைப்புகளுக்கு நிலையான நிதி வேண்டும் என்பதை அவர்களும் சொன்னார்கள். அதற்குப் பிறகும் நான் நிரப்புகிற படிவங்கள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான்.

படிவத்தில் இன்னொரு கேள்வி, எத்தனை இளைஞர்களைச் சென்றடைந்தீர்கள் என்பது. மண்டபம் எடுத்து, பேனர் கட்டி, பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டு, பீட்சா கொடுத்தால் ஒரு சனிக்கிழமையில் 300 பேர். எங்கள் ஜிம்மில் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் ஒரு டசின். அதிலும் உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள் மூன்று நான்கு பேர்தான். மற்றவர்கள் விளையாட வருகிறார்கள், வரட்டும், அவர்கள் இல்லாவிட்டால் அந்த நான்கு பேரும் வரமாட்டார்கள். 300ஐ எழுதுகிறவருக்குத்தான் படிவம் வசதி.

காசு சேர்க்கத் தெரியாத சமூகம் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டொலர் சேர்ந்தது. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்காமலே கொடுக்கிறோம். எங்கள் அமைப்புக்கும் தருகிறார்கள், நன்றி. ஆனால் தருகிறவர்கள் வெற்றிக் கிண்ணம் வாங்க, டீசேட் அடிக்க, அம்மாவின் நினைவாக ஒருநாள் சாப்பாடு போட என்று சொல்லித் தருகிறார்கள். டீசேட் எங்களிடம் இரண்டு பெட்டி கிடக்கிறது. ஜிம்முக்கான காப்புறுதி, அந்தப் பிள்ளையின் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், டக்ஸி என்று சொல்லி ஒருவரும் தந்ததில்லை.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள், எங்களுக்கு என்றில்லை, உங்கள் பகுதியில் இப்படி ஒரு குழு இருந்தால் அவர்களுக்கு. ஒரேயடியாகப் பெரிய தொகை வேண்டாம். மாதம் 20 டொலர், நிற்காமல் போகிற மாதிரி வங்கியில் ஒழுங்கு செய்துவிடுங்கள். செக்தான் எழுதுவீர்கள் என்றால் கீழே இடப்பக்கம் குறிப்பு எழுத ஒரு கோடு இருக்கும், அதில் "பொதுச் செலவு" என்று எழுதுங்கள்.