கிர்ணிக் கொடி: தையில் போட்டது

ஜனவரி 18
இந்த வருஷம் கிர்ணியை விடப்போவதில்லை. முந்தின வருஷம் கார்த்திகையில் போட்டேன், மழையில் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. போன வருஷம் பங்குனியில் போட்டேன், கொடி காடு மாதிரி படர்ந்தது, ஆனால் எல்லாம் ஆண் பூ. வெயில் ஏற ஏற ஆண் பூதான் கூடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பொங்கல் முடிந்து மழையும் போய், பனியும் குறைகிற இந்த நேரம்தான் எங்கள் திருச்சிக்குச் சரி. பாக்கெட் விதை பத்து எடுத்து, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19
கொல்லையில் வெயில் நாள் முழுக்க விழுகிற இடத்தில் ஐந்து குழி, ஒவ்வொன்றும் ஒரு முழ ஆழம், குழிக்குக் குழி மூன்றடி. மட்கிய தொழுவுரம் இரண்டு கூடை, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, அதன்மேல் மண்ணை மேடாகக் குவித்தேன், தண்ணீர் தேங்கினால் கிர்ணி செத்துப்போகும். மேட்டுக்கு இரண்டு விதை, விரல் நகம் அளவு ஆழம், அவ்வளவுதான். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுகிற வேலையே வேண்டாம், இதன் வேர் தொட்டாலே கோபித்துக்கொள்ளும்.

ஜனவரி 26
ஏழு நாளில் எட்டு முளை. காலையில் பனி இருந்ததால் கொஞ்சம் தாமதம் போல. இரண்டு முளைத்த மேடுகளில் மெலிந்ததைக் கிள்ளிவிட்டேன், பிடுங்கினால் பக்கத்துச் செடியும் ஆடும்.

பிப்ரவரி 13
ஐந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளினேன். அம்மா பார்த்துவிட்டு, “வளர்ற கொடியைக் கிள்ளுறியே, பாவம் இல்லையா?” என்றார். பாவம்தான், ஆனால் பிஞ்சு வருவது பெரும்பாலும் பக்கக் கிளையில்தான்! பூசணி வண்டு, அந்த ஆரஞ்சு நிறத்தது, இலையைச் சல்லடை ஆக்கிக்கொண்டிருக்கிறது. காலையில் பனி ஈரத்தில் மந்தமாக உட்கார்ந்திருக்கும், அப்போதே பிடித்து சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். இன்று பதினேழு.

பிப்ரவரி 24
ஆண் பூ வர ஆரம்பித்துவிட்டது. முதலில் அதுதான் வரும், பயப்பட ஒன்றுமில்லை, போன வருஷ நினைப்பில் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது மட்டும் உண்மை.

மார்ச் 8
பூவுக்கு அடியில் கோலிக்குண்டைவிடச் சிறிய, மெல்லிய ரோமம் மூடிய பிஞ்சோடு பூத்திருக்கிறது! தேனீயை நம்பிக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஏழு மணிக்கே போய் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தேன். ஒரு பூ ஒரே காலைதான் விரிந்திருக்கும், மதியம் போனால் வாடிப்போய்க் கிடக்கும். கம்பி கட்டி அடையாளம் வைத்தேன்.

மார்ச் 19
எட்டுப் பிஞ்சு பிடித்ததில் நான்கு மஞ்சளாகி விழுந்துவிட்டது. கொடி தன்னால் தாங்க முடியாததைத் தானே உதிர்க்கும், இதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். பழத்துக்கடியில் வைக்கோலும் உடைந்த ஓட்டுத் துண்டும் வைத்தேன், ஈர மண்ணில் பட்டால் அழுகும். ஓர் அங்குலம் வளர்ந்த காய்களை மெல்லிய பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டினேன், பழ ஈ குத்தாமல் இருக்க.

ஏப்ரல் 2
வழவழப்பாக இருந்த பச்சைத் தோலில் முதலில் காம்புக்கு அருகே முடி போல ஒரு கீறல், அப்புறம் காய்ந்த குளம் போல எங்கும் வெடிப்பு, அது தடித்து இப்போது வலை போட்டாற்போல் நிற்கிறது. தினம் துணியை விலக்கிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இலையில் வெள்ளைப் பூச்சாகச் சாம்பல் நோய், அடி இலைகளைக் கிள்ளி எரித்தேன். இனிமேல் தண்ணீர் வேரில் மட்டும், அதுவும் குறைத்து. இந்த நேரத்தில் தாராளமாக விட்டால் பழம் வெடிக்கும், இனிப்பும் போகும்.

ஏப்ரல் 9
அணில் ஒன்றைக் கடித்துவிட்டது, துணியோடு. மூன்றுதான் மிச்சம்.

ஏப்ரல் 15
கொல்லைக் கதவைத் திறந்தவுடன் மணம். துணியை விலக்கினால் தோல் வெளிர் மஞ்சள், காம்பைச் சுற்றி மெல்லிய பிளவு. லேசாகத் தூக்கினேன், இழுக்கவே இல்லை, பழம் காம்பைவிட்டுத் தானாகக் கையில் வந்துவிட்டது. மகரந்தம் தடவி 38 நாள். தராசில் வைத்தால் 900 கிராம்.

நாட்டுச் சர்க்கரை தூவி நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா விதைகளை அலசி முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். “இது ஹைப்ரிட் விதைம்மா, அடுத்த வருஷம் இதே மாதிரி வராது” என்றேன்.

“வராட்டிப் போகுது, ஏதாவது காய்க்கும்ல.”

முறம் இப்போது ஜன்னலோரம் காய்கிறது. அணிலுக்கு எட்டாத உயரத்தில்.