ரங்கா பராக்!

மாசி மகத்துக்குக் காரமடையில் தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘ரங்கா பராக், கோவிந்தா பராக்’ முழக்கம் இரண்டு நாளைக்குக் காதை விட்டுப் போகாது. அந்தச் சூட்டோடு நானும் மைத்துனரும் ரங்கசாமி மலைக்குக் கிளம்பினோம். கோத்தகிரியைத் தாண்டி, கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கூம்பாகத் தெரியுமே, அதுதான். 1785 மீட்டர். இருளர்களுக்குச் சாமி மலை.

மௌனமாக, மனதுக்குள் நாமம் சொல்லி ஏறுவதாக எனக்கு ஒரு வேண்டுதல். உடன் வந்த இருளர் பெரியவர் அடிவாரத்திலேயே அதைக் கலைத்துவிட்டார். “மனசுக்குள்ள சொன்னா பெருமாளுக்குக் கேக்கும் சாமி. கரடிக்குக் கேக்காதுங்க.”

கரடிக்குப் பார்வை மந்தம்; மோப்பம்தான் கூர்மை. எதிர்க்காற்று அடித்தால் அந்த மோப்பமும் உதவாது. புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்ச ஆரம்பித்தால், அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்குமாம். நம் காலடி அதற்கு எங்கே கேட்கப் போகிறது? பக்கத்தில் போய்த் திடுக்கிட வைத்தால் ஓடாது, பாயும். தின்பதற்கில்லை, பயத்தில். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். தூரத்திலேயே மனிதக் குரல் கேட்டால் பெரும்பாலும் தானே ஒதுங்கிவிடும்.

உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த திருப்பங்களில் பெரியவர் நின்று இரண்டு முறை கை தட்டினார். ஓடை இரைச்சலில் எங்கள் குரல் அமுங்கியபோது இன்னும் உரக்கக் கூவச் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் கை காட்டி நிறுத்தினார். யானை லத்தி, சூடு ஆறாதது. அங்கே மூச்சு விடாமல் சுற்றிப் போனோம். யானைக்கு வேறு கணக்கு.

பாதி மலையில்தான் உறைத்தது. பராக் என்றால் ‘கவனம்’ என்றல்லவா பொருள்! அரசர் வரும்போது கட்டியக்காரர் சொல்வது. இத்தனை வருடம் பெருமாளுக்கென்றே கூவியிருக்கிறேன்.

உச்சியில் நல்ல தரிசனம். கற்பூரம், துளசி, எலும்பைத் துளைக்கும் காற்று. விளக்குக்கு ஊற்றி மிஞ்சிய எண்ணெயைப் பெரியவர் கையோடு எடுத்துக்கொண்டார். கோத்தகிரிப் பக்கம் எண்ணெய்க்காகவே கோயில் கதவை உடைக்கிற கரடிகள் உண்டே.

இறங்கும்போது, காலையில் நாங்கள் மஞ்சள் தூவிக் கும்பிட்ட புற்று பாதி தோண்டிக் கிடந்தது. மண் இன்னும் ஈரம். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மைத்துனர்தான் ஆரம்பித்தார், பக்கத்து மலைக்கே கேட்கிற மாதிரி: “ரங்கா...”