சீரோ போட்டால் போதுமா?

“அண்ணே, இதுக்கு சீரோ போட்டா போதும்லா?” என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். அது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸ் கெர்னலில், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில், ஹார்ட்வேரை இயக்கும் ஒரு ட்ரைவரின் கோடு. அதில் ஒரு ஸ்விட்ச்: வருகிற மோடைப் பார்த்து ஏதாவது ஒரு கேஸுக்குப் போகும். எல்லா கேஸிலும் ‘ரெட்’ (ret) வேரியபிளுக்கு மதிப்பு கிடைக்கிறது, ஆனால் எந்தக் கேஸிலும் சேராததைப் பிடிக்கும் டீஃபால்ட் இல்லை. கடைசியில் ரெட்டைத்தான் ரிட்டர்ன் செய்கிறோம். மதிப்பு இல்லாமலே அது வெளியே போகக்கூடும் என்று கம்பைலரான ஜிசிசி வார்னிங் கொடுத்தது. டிக்ளேர் செய்யும் இடத்தில் சீரோ என்று எழுதினால் வார்னிங் போய்விடும்.

கெர்னலில் இப்படிப்பட்ட ஃபங்ஷன் சீரோ திருப்பினால் வேலை நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். மைனஸில் வந்தால்தான் பிழை. யாரும் நினைக்காத ஒரு மோடு வந்து எந்தக் கேஸிலும் சேராமல் போனால், அந்த சீரோ ‘எல்லாம் சரி’ என்று பொய் சொல்லும். என்னை அதைவிட உறுத்தியது வேறு. நாளை இன்னொருவர் புதுக் கேஸ் சேர்த்து ரெட்டை மறந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது.

“எந்த வழியா வந்தா அது காலியா இருக்குன்னு பாத்துட்டு வா மக்கா” என்றேன். நாகர்கோவில் வடசேரியில் திருவனந்தபுரம் பஸ் பிடித்துத் தக்கலையில் இறங்குகிறவன் அவன். அன்று பஸ்ஸை விட்டுவிட்டு, அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எல்லா இடத்திலும் மோடை முன்பே சரிபார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பிழை எதுவும் இல்லை. வார்னிங்கைச் சரிசெய்யும் பேட்ச் அந்த ரிலீஸில் ஏறவும் இல்லை.

“அப்போ நான் சொன்னதும் சரிதானே அண்ணே?”

“இல்ல.”

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2020இல், 5.7 கெர்னலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இந்த வார்னிங்கைச் சாதாரண பில்டில் நிறுத்திவிட்டார். ஜிசிசியின் 10ஆம் பதிப்பு, இல்லாத பிழைக்கெல்லாம் கத்துகிறது என்பதுதான் காரணம். எங்கள் பில்டில் அதைத் திறந்து வைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

கடைசியில் டீஃபால்ட் சேர்த்து, அதில் மைனஸ் ஈஇன்வால் (-EINVAL), அதாவது ‘கொடுத்த மதிப்பு செல்லாது’ என்ற பிழை எண்ணைத் திருப்பினோம். இரண்டே வரி. “இத முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றான். சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் அந்த இடங்களை அவன் திறந்தே பார்த்திருக்க மாட்டான். பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை என்பதும் உண்மை.

இப்போது அவன் என்னிடம் கேட்பதில்லை. எந்தெந்த வழியைப் பார்த்தான் என்று மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பான கமிட் மெசேஜிலேயே எழுதி அனுப்புகிறான். புரிந்து எழுதுகிறானா, நான் திருப்பி அனுப்புவேன் என்று எழுதுகிறானா என்பது எனக்குப் பிடிபடவில்லை.