குழாயை எப்போது எடுப்பது?

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். பார்வையாளர் நேரத்தில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி, "ஏனுங்க அம்மிணி, அந்தக் குழாய எப்பங்க எடுப்பீங்க?" என்பதுதான். நின்றவாறு ஓரிரு சொற்களில் சொல்லக்கூடிய பதில் அதற்கு இல்லை. வாய்வழியே மூச்சுப்பாதைக்குள் போட்ட குழாயால் மூச்சு கொடுக்கும் கருவியான வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவர் அதை விட்டு வெளியே வருவாரா என்பதை நாங்கள் எப்படிக் கணிக்கிறோம், அந்தக் கணிப்பு எங்கே தவறுகிறது என்பதை, உள்ளே ஒருவரை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுத்தான் போகட்டுமே, எதுக்கு அவசரம்?" என்று சிலர் கேட்பார்கள். கருவி மூச்சுவிடும் நேரமெல்லாம் நோயாளியின் உதரவிதானம், அதாவது மூச்சை இழுக்கும் முக்கியத் தசை, வேலையின்றிக் கிடக்கிறது. மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே கருவியில் இருந்தவர்களின் உதரவிதானத்தை ஆராய்ந்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுடைய தசைநார்கள், சிறிது நேரமே கருவியில் இருந்தவர்களுடையதைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியாக மெலிந்திருந்தன. குழாய் வழியாக நுரையீரலில் தொற்று ஏறும் அபாயமும் நாளுக்கு நாள் கூடுகிறது. மறுபுறம், எல்லாச் சோதனைகளிலும் தேறிக் குழாய் எடுக்கப்பட்டவர்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு மறுபடியும் குழாய் போட வேண்டிவருகிறது. அப்படி மறுபடியும் போடப்படுபவர்களில் இறப்பு மிகவும் அதிகம் என்பதால், தாமதத்தைப் போலவே அவசரமும் எங்களுக்கு அச்சம் தருவது.

கணிப்பதற்கு எங்களிடம் உள்ள அளவுகளில் மிகப் புகழ்பெற்றது 1991-இல் யாங், டோபின் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட குறியீடு. வேகமான, ஆழமற்ற மூச்சை அளக்கும் அதை வார்டில் ஆங்கிலச் சுருக்கமாக ஆர்.எஸ்.பி.ஐ. என்போம். ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று உள்ளே போகிறது என்பதால் வகுத்தால் அந்த எண் கிடைத்துவிடும். களைத்துப்போன மனிதர் குறைவான காற்றை வேகவேகமாக இழுப்பார் என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை. நிமிடத்துக்கு 35 மூச்சு, ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் காற்று என்றால் 140 வரும். 24 மூச்சு, ஒவ்வொன்றிலும் 400 மில்லி என்றால் 60 வரும். 105 என்பதை அவர்கள் எல்லையாக வைத்தார்கள். அந்த ஆய்வில் எல்லைக்கு மேல் போனவர்களில் நூற்றுக்கு 95 பேர் உண்மையிலேயே தேறவில்லை. எல்லைக்குக் கீழே இருந்தவர்களில் தேறியவர்களோ 78 பேர்தான். முடியாது என்று இந்த எண் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம், முடியும் என்று சொன்னால் அவ்வளவாக நம்ப முடியாது என்பதே இதன் பொருள். அவர்கள் கருவியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் அளந்தார்கள் என்பதும் முக்கியம். கருவி சற்று அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அளந்தால் எண் நல்லபடியாகக் குறைந்து தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும்.

அந்த 60 என் மனத்தில் நின்றுபோன ஒரு எண். சென்னிமலைப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர் ஒருவருக்கு வந்த எண் அது. நாற்பது ஆண்டுகளாகப் பீடி பிடித்தவர், நிமோனியாவோடு வந்து ஆறு நாள் கருவியில் இருந்தார். ஏழாம் நாள் காலை மயக்க மருந்தை நிறுத்தி, அவர் கண் விழித்ததும் அரைமணி நேரம் தானாக மூச்சுவிடும் சோதனையில் வைத்தோம். அந்த அரைமணி நேரமும் செவிலியர் கட்டிலை விட்டு நகரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டுகிறதா, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்குகிறதா, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றனவா என்பதையெல்லாம் திரை காட்டிவிடும். காறை எலும்புக்கு மேலே உள்ள குழி மூச்சுக்கு மூச்சு உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, நெற்றியில் வியர்வை பூக்கிறதா, நெஞ்சு எழும்பும்போது வயிறு உள்ளே போகிறதா என்பதையோ கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். அவரிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. பத்து மணிக்குக் குழாயை எடுத்தோம்.

மாலை ஆறு மணிக்குத் தொண்டையில் சளி கரகரவென்று கட்டிக்கொண்டு நின்றது. இருமச் சொன்னால் உதடு மட்டும் அசைந்தது. ஏழு மணிக்குள் மறுபடியும் குழாய் போட வேண்டியதாயிற்று. "காத்தாலதானுங்க எடுத்தீங்க, பொழுதோட மறுக்காப் போட்டுட்டீங்களே" என்று அவர் மகன் என்னிடம் கேட்டதில் கோபத்தைவிடக் கலக்கமே அதிகம் இருந்தது. முந்தைய இரவு முழுக்க மணிக்கொரு தரம் நான்தான் அவருக்குச் சளி உறிஞ்சி எடுத்திருந்தேன். ஒவ்வொரு முறையையும் குறித்தும் வைத்திருந்தேன். காலையில் மருத்துவர் கேட்டபோது 60 என்ற எண்ணைச் சொன்னேனே தவிர, இதைச் சொல்லவில்லை. அது என் தவறு.

கருவியின் துணை இல்லாமல் மூச்சுவிட முடியுமா என்பது ஒரு கேள்வி. குழாய் இல்லாமல் தொண்டையையும் மூச்சுப்பாதையையும் காத்துக்கொள்ள முடியுமா என்பது வேறொரு கேள்வி. குறியீடும் அரைமணி நேரச் சோதனையும் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கின்றன. இரண்டாவதற்கு எளிய வழிகள் உண்டு. கருவியைச் சற்றே கழற்றி, குழாயின் வாய்க்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, மூன்று நான்கு முறை இருமச் சொல்வது ஒன்று. அட்டை நனைந்தால் இருமலுக்கு வலு இருக்கிறது. கண்ணைத் திறப்பது, விரலைக் கண்ணால் பின்தொடர்வது, கையைப் பற்றுவது, நாக்கை நீட்டுவது ஆகிய நான்கையும் சொன்னபடி செய்கிறாரா என்று பார்ப்பது இன்னொன்று. பல நாள் குழாய் இருந்த தொண்டை வீங்கியிருக்கிறதா என்பதை அறிய, குழாயைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை இறக்கிக் கசிவு கேட்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு சோதனையைத் தனியே சொல்ல வேண்டும். மஞ்சளும் கரும்பும் விளையும் காட்டில் பூச்சிமருந்து உடலில் ஏறியவர்களும், இரவில் தரையில் படுத்திருந்து கட்டுவிரியன் தீண்டியவர்களும் எங்களிடம் வருகிறார்கள். இவர்களில் பலருக்கு நுரையீரலில் குறை இருப்பதில்லை, தசைகளே செயலிழக்கின்றன. ஆர்கனோபாஸ்பரஸ் என்னும் பூச்சிமருந்து வகையின் நஞ்சில் முதல் நாள் தேறியதுபோல் தெரிந்தவருக்கும், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோவதை 1987-இல் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரலியத்தவும் விவரித்தார்கள். ஆகவே இத்தகையவர்களைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து நொடி நிறுத்தச் சொல்கிறோம். தலை தூக்க முடியாதவரின் குழாயை, எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுக்க எனக்கு மனம் வராது. இப்போது கணினியே இந்தக் கணிப்பைச் செய்யும் என்கிறார்கள். அத்தகைய பல நிரல்கள், பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. கட்டுவிரியன் தீண்டியவரையும் பூச்சிமருந்து ஏறியவரையும் போதிய அளவு கண்டிராத நிரல், எங்கள் பக்கத்துக் கொடுமுடியிலிருந்து வருபவரைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை. எங்கள் ஊர்ப் பதிவுகளும் சேர்ந்து உருவாகும் நிரலை மனமார வரவேற்பேன்.

2006-இல் 304 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஆர்.எஸ்.பி.ஐ. எண்ணையும் பார்த்து முடிவெடுத்தார்கள். மற்ற பிரிவினருக்கு அந்த எண்ணைப் பாராமலேயே சோதனையில் வைத்தார்கள். எண்ணைப் பார்த்து முடிவெடுக்கப்பட்ட பிரிவினருக்குத்தான் கருவியை விட்டு வரக் கூடுதல் நாள் பிடித்தது. சரியாகக் கணிக்க வேண்டுமென்று தயங்கி நிற்பதைவிட, ஒவ்வொரு நாள் காலையிலும் தவறாமல் மயக்க மருந்தை நிறுத்தி, "இன்று விட்டுப்பார்க்கலாமா?" என்று கேட்பதே நோயாளிக்கு அதிக நன்மை செய்கிறது என்று நான் நம்புகிறேன். அன்று முடியவில்லை என்றால் மறுநாள் காலை மறுபடியும் கேட்க வேண்டும்.

நெசவாளருக்கும் அப்படித்தான் செய்தோம். நான்கு நாள் பிசியோதெரபி கொடுத்தோம், குழாயோடேயே கட்டிலோரத்தில் உட்கார வைத்தோம், சளி உறிஞ்சும் இடைவெளி மூன்று மணி நேரமாக நீண்டதைக் குறித்து வைத்தேன். ஐந்தாம் நாள் காலை மருத்துவர் கேட்கும் முன்பே அதைச் சொன்னேன். "அப்பாரு, நல்லா இருமுங்க" என்று அட்டையைப் பிடித்தபோது, முதல் இரு முறை ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை அட்டையின் நடுவில் ஈரம் சிதறிப் பரவியது. பீடியால் கெட்ட நுரையீரல் என்பதால், குழாயை எடுத்த கையோடு முகமூடி வழியாக அழுத்தம் தரும் பைபாப்பைப் பொருத்தினோம். அன்றிரவு இரண்டு மணிக்கு அவர் முகமூடியைக் கழற்றும்படி கையைக் காட்டி, தானாகவே இருமி, சளி முழுவதையும் கிண்ணத்தில் துப்பினார். நேரத்தையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதி, காலையில் வருபவர் கண்ணில் படும்படி கீழே கோடிட்டு வைத்தேன்.